சந்தைக் கிராமத்தில் குடியேறும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

லாவென்ஹாமில் நேராக நிற்கும் வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இங்கிலாந்தின் சஃபோக் கவுண்டியில் உள்ள இந்தச் சந்தைக் கிராமத்தில் மக்கள் சுமார் 1,700 பேர்தான். ஆனால் சட்டப் பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடங்கள் 300க்கும் மேல். அவற்றில் பல 15, 16ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய ஓக் மரச்சட்ட வீடுகள். வெட்டிய ஓக்கைக் காயவிடாமல் பச்சையாகவே அறுத்து, மர ஆணி அடித்து நிறுத்தினார்கள். மரம் நின்ற இடத்திலேயே காய்ந்து முறுக்கிக்கொண்டதில் வந்த கோணல் அது. கோணலைக் கண்டு பயப்பட வேண்டாம். சுவரின் அடியில் தங்கும் ஈரத்தைக் கண்டுதான் பயப்பட வேண்டும்.

1257இல் மூன்றாம் ஹென்றி இந்த ஊருக்குச் சந்தை உரிமை கொடுத்தார். ஒரு சந்தைக்கு 6 மைலும் மூன்றில் இரண்டு பங்கு மைலும் உள்ள வட்டத்துக்குள் இன்னொரு சந்தை வைப்பது குற்றம் என்று அந்தக் கால சட்ட அறிஞர் பிராக்டன் எழுதிவைத்தார். ஒரு மனிதன் ஒரு நாளில் 20 மைல் நடப்பான். மூன்றில் ஒரு பங்கு நாள் போக, ஒரு பங்கு விற்க, ஒரு பங்கு திரும்ப என்பது அவர் கணக்கு. சந்தைக் கிராமங்கள் இன்றும் ஏறக்குறைய அந்த இடைவெளியில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். லாவென்ஹாம் நீலச் சாயக் கம்பளித் துணியில் பணம் பார்த்தது. 1524இல் வரி கட்டியதில் இங்கிலாந்தின் 14ஆவது பணக்கார ஊர் இதுதான். பிறகு கோல்செஸ்டரில் குடியேறிய டச்சு நெசவாளர்கள் மெல்லிய, மலிவான துணியை இறக்கினார்கள். லாவென்ஹாம் நொடித்துப்போனது. பழையதை இடித்துப் புதுசாகக் கட்ட யாரிடமும் காசில்லை. அதனால்தான் இந்த ஊர் இன்னும் இப்படியே இருக்கிறது.

இப்போது பணத்துக்குக் குறைவில்லை, ஊரைச் சுற்றி வீடு கட்டக்கூடிய வயலும் இருக்கிறது. அன்று வறுமை காத்ததை இன்று காகிதம்தான் காக்கிறது. எந்தக் காகிதம், எந்தத் தேதிக்குள், யாரிடம் என்று தெரியாதவர்கள்தான் தோற்றுப்போகிறார்கள். கீழே சொல்வது இங்கிலாந்தின் மற்ற சந்தைக் கிராமங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் விதிகள் வேறு.

முடிவு எங்கே எடுக்கப்படுகிறது

இங்கே வீடு கட்ட விண்ணப்பம் வந்திருக்கிறது என்று சொல்லும் பிளானிங் நோட்டீஸை விளக்குக் கம்பத்தில் கட்டிய அன்றுதான் ஊர் விழித்துக்கொள்ளும். கிராம மண்டபத்தில் கூட்டம் நிரம்பும், ஊர் மட்டத்து மன்றமான பாரிஷ் கவுன்சிலைப் போட்டு வறுப்பார்கள். பாரிஷ் கவுன்சிலுக்கு முடிவெடுக்கும் அதிகாரமே கிடையாது, கருத்துச் சொல்லும் உரிமை மட்டும்தான். முடிவு டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுடையது. லாவென்ஹாமுக்கு அது பேபர் டிஸ்ட்ரிக்ட். சாலை, பள்ளி, மழைநீர் வடிகால் மூன்றும் கவுண்டி கவுன்சிலின் பொறுப்பு. யாரிடம் எதைக் கேட்பது என்று பிரித்துக்கொண்டாலே பாதி நேரம் மிச்சம்.

வயல் வீட்டுமனையாகும் கதை நோட்டீஸுக்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிடும். நிலம் தர விரும்புபவர்கள் பெயர் கொடுக்கலாம் என்று டிஸ்ட்ரிக்ட் அழைப்பு விடும். வரும் நிலங்களை மதிப்பிட்டு வரைபடத்தோடு அறிக்கை வெளியிடும். பிறகு எங்கெங்கே கட்டலாம் என்று டிஸ்ட்ரிக்ட் வகுக்கும் லோக்கல் பிளான் வரும், அதன் பிறகு அவுட்லைன் அனுமதி, கடைசியில் மிச்ச விவரங்களுக்கான விண்ணப்பம். உங்கள் ஊரை ஒட்டிய எந்த வயலெல்லாம் பெயர் கொடுத்திருக்கிறது என்று அந்த நில மதிப்பீட்டு அறிக்கையிலேயே பார்த்துவிடலாம். வீடு வாங்கும் முன் அதைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். சொத்து வாங்கும்போது வக்கீல் எடுக்கும் வழக்கமான தேடல் உங்கள் வீட்டு மனைக்கு மட்டும்தான். பின்பக்கத்து வயலைப் பற்றித் தனியாகக் கேட்டால் ஒழிய அவர் பார்க்க மாட்டார்.

அவுட்லைன் என்ற சொல்லைக் கேட்டு ‘இது வெறும் முன்வரைவு’ என்று விட்டுவிடுவது பெரிய தவறு. இங்கே வீடு கட்டலாமா, அதிகபட்சம் எத்தனை என்பதெல்லாம் அவுட்லைனிலேயே தீர்ந்துவிடும். பெரும்பாலும் சாலை நுழைவும் அதிலேயே முடிந்துவிடும். அடுத்த கட்டத்தில் கூரையின் நிறமும் வேலியின் உயரமும்தான் பேச மிஞ்சும்.

டிஸ்ட்ரிக்டிடம் ஐந்து வருடத்துக்குத் தேவையான வீட்டு நிலம் கையிருப்பு இருக்கிறதா என்பது இன்னொரு முக்கியமான விஷயம். அது குறைந்தால் தேசியக் கொள்கையின் தராசு கட்டுபவர் பக்கம் சாய்ந்துவிடும். பாதிப்பு, கிடைக்கும் நன்மையைவிடத் தெளிவாக, மிகையாக இருந்தால்தான் மறுக்க முடியும். 2024 டிசம்பரில் திருத்திய தேசியக் கொள்கை வீட்டு எண்ணிக்கை இலக்கை மறுபடி கட்டாயமாக்கியது, ஐந்து வருடக் கையிருப்பின் மேல் குறைந்தது 5 சதவீதம் கூடுதலும் கேட்கிறது. ஆகவே, லோக்கல் பிளானில் பெயரே இல்லாத வயலுக்கும் விண்ணப்பம் வரும். ‘பிளானில் இல்லை, அதனால் நடக்காது’ என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

ஊரே எழுதும் திட்டம்

2011ஆம் ஆண்டு லோக்கலிசம் சட்டம் கிராமங்களுக்கு நெய்பர்ஹுட் பிளான், அதாவது தங்கள் ஊருக்கான கட்டுமானத் திட்டத்தை, எழுதும் உரிமை கொடுத்தது. லாவென்ஹாம் தன் முதல் திட்டத்தை 2016இல் நிறைவேற்றியது. பாரிஷ் எல்லையை டிஸ்ட்ரிக்டிடம் பதிவு செய்வது முதல் படி. வீட்டுக்கு வீடு கருத்துக் கேட்டு, வரைவு எழுதி, ஆறு வாரம் ஊர் பார்வைக்கு வைக்க வேண்டும். திருத்தி டிஸ்ட்ரிக்டிடம் கொடுத்ததும் அவர்கள் இன்னொரு ஆறு வாரம் வைப்பார்கள். சுதந்திரமான ஒரு தேர்வாளர் வரிவரியாகப் பார்ப்பார். கடைசியில் ஊர் வாக்கெடுப்பு. வாக்களித்தவர்களில் பாதிக்கு மேல் ஆம் என்றால் அது சட்டப்படியான திட்டம். இரண்டு மூன்று வருடம் ஆகும், நாலைந்து பேர் மாலைகளை மறந்துவிட வேண்டும்.

இதில் பல ஊர்கள் செய்யும் தவறு, ‘ஊரின் அழகு காக்கப்பட வேண்டும்’ என்று எழுதி மனநிறைவு கொள்வது. தேர்வாளர் அதை அடித்துவிடுவார், அல்லது பயனில்லாமல் விட்டுவைப்பார். வீடு கட்ட இடத்தையும் நீங்களே குறித்துக் கொடுத்தால்தான் முழுப் பாதுகாப்பு கிடைக்கும். ஊருக்கு ஒதுக்கப்பட்ட வீட்டு எண்ணிக்கைக்கு இடம் ஒதுக்கிய திட்டமாக இருந்து, அது நடைமுறைக்கு வந்து ஐந்து வருடத்துக்குள் இருந்தால், தராசு சாய்ந்தாலும் உங்கள் திட்டத்துக்கு எதிரான விண்ணப்பத்தை மறுக்க வலுவான வழி உண்டு. ஐந்து வருடம் முடியும் முன்பே திருத்தத் தொடங்குங்கள். வேண்டாம் என்பதை மட்டும் எழுதிய ஊருக்கு இந்தக் கேடயம் கிடைக்காது.

பண விஷயமும் உண்டு. டிஸ்ட்ரிக்ட் புதிய வீட்டின் சதுர மீட்டர் கணக்கில் உள்கட்டமைப்புக் கட்டணம் வசூலித்தால், அதில் பாரிஷுக்கு 15 சதவீதம். நெய்பர்ஹுட் பிளான் இருந்தால் 25. கணக்குக்காக, 90 சதுர மீட்டரில் 40 விற்பனை வீடுகள், சதுர மீட்டருக்கு 100 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,60,000 பவுண்டு. திட்டம் இல்லாத ஊருக்கு 54,000, இருக்கும் ஊருக்கு 90,000. குறைந்த விலை வீடுகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது, அவற்றைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வந்த பணத்தை ஐந்து வருடத்துக்குள் செலவு செய்யாவிட்டால் டிஸ்ட்ரிக்ட் திரும்பக் கேட்கலாம். என்ன வாங்குவது என்ற பட்டியலைப் பணம் வரும் முன்பே தீர்மானமாகப் போட்டு வைக்க வேண்டும்.

கடிதத்தில் என்ன எழுதுவது

விண்ணப்பம் வந்தால் கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள். 10 வீடு அல்லது அதற்கு மேல் என்றால் முடிவுக்கு 13 வாரம், அதற்குக் கீழ் 8 வாரம். வீட்டு விலை குறையும், ஜன்னலிலிருந்து தெரியும் வயல் போய்விடும் என்று எழுதினால் அந்த வரிகளை அதிகாரி கணக்கில் எடுக்கவே முடியாது. ஒரே கடிதத்தை 200 பேர் நகல் எடுத்து அனுப்புவதைவிட, வேறு வேறு ஆதாரத்தோடு பத்துக் கடிதம் போவது மேல்.

சாலையைப் பற்றி எழுதுவதென்றால் ‘நெரிசல் அதிகமாகும்’ என்பது போதாது. மொத்த விளைவு மிகக் கடுமையாக இருந்தால்தான் நெரிசலுக்காக மறுக்கலாம் என்கிறது தேசியக் கொள்கை. பாதுகாப்பு தனி விஷயம், அங்கேதான் அளவு நாடா பேசும். புதிய நுழைவில் சாலை ஓரத்திலிருந்து 2.4 மீட்டர் உள்ளே நின்று பார்த்தால், 30 மைல் வேகச் சாலையில் இருபுறமும் 43 மீட்டர் தெரிய வேண்டும். வாகனங்கள் உண்மையில் 38 மைலில் போகின்றன என்றால் இன்னும் நீளமாகத் தெரிய வேண்டும். அந்தத் தூரத்தில் வேலியோ சுவரோ வேறொருவர் நிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். புதிய வீட்டிலிருந்து பள்ளி வரை நடந்து, நடைபாதை எங்கெல்லாம் ஒரு மீட்டருக்குக் கீழே ஒடுங்குகிறது, எங்கே இல்லவே இல்லை என்று அளந்து, படம் எடுத்து அனுப்புங்கள். வண்டிக்கும் மந்தைக்கும் போட்ட தெருக்கள் இவை. இரண்டு குழந்தைத் தள்ளுவண்டிகள் ஒன்றையொன்று கடக்க முடியாத நடைபாதை, பக்கம் பக்கமாக எழுதும் கோபத்தைவிட வலுவான சாட்சி.

கழிவுநீரில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ‘சாக்கடை ஏற்கெனவே நிரம்பி வழிகிறது’ என்று எழுதுவார்கள், உண்மையாகவும் இருக்கும். ஆனால் 1991ஆம் ஆண்டு நீர்த்தொழில் சட்டம் புதிய வீட்டைப் பொதுச் சாக்கடையில் இணைக்கும் உரிமையைக் கட்டுபவருக்குக் கொடுத்துவிட்டது. தண்ணீர் கம்பெனி கொள்ளளவு இல்லை என்று சொல்லித் தடுப்பது மிகக் கடினம். ஆகவே மறுக்கச் சொல்வதோடு நிறுத்தாமல், நிபந்தனை கேளுங்கள்: குழாயும் பம்பிங் நிலையமும் மேம்படுத்தி முடியும் வரை ஒரு வீட்டிலும் ஆள் குடியேறக் கூடாது. இந்த ஒரு வரியைத் திட்ட அனுமதியில் ஏற்றிவிட்டால் ஊருக்கு அதுவே பெரிய பலன். வழிந்த நாளின் தேதியும் புகைப்படமும், தண்ணீர் கம்பெனி கொடுத்த புகார் எண்ணும் சேர்த்து வைத்திருந்தால் அதிகாரிக்கு எழுத வசதி.

மழைநீர் வேறு. இந்தப் பகுதி மேட்டு நிலத்தின் மண் கனத்த களிமண். ‘நீர் மண்ணில் இறங்கிவிடும்’ என்று அறிக்கை சொன்னால், குழி தோண்டி மூன்று முறை நிரப்பிச் சோதித்த முடிவு இணைப்பில் இருக்கிறதா, அது எந்த மாதம் என்று தேடுங்கள். கோடையில் வெடித்த களிமண் தண்ணீரைக் குடிக்கும், பிப்ரவரியில் குடிக்காது. நீரைக் குளத்தில் தேக்கி மெல்ல விடுவது என்றால், அந்தக் குளத்தை முப்பது வருடம் கழித்துத் தூர்வாருவது யார், யார் காசில் என்று கேளுங்கள். லாவென்ஹாமில் வாட்டர் ஸ்ட்ரீட் என்ற பெயர் சும்மா வரவில்லை. துணிக்குச் சாயம் போட்ட காலத்து ஓடை தெருவுக்கு அடியில் பழைய செங்கல் வளைவுக்குள் இன்னும் ஓடுகிறது. மேலே புதிதாகச் சேரும் நீரும், லாரிகளின் எடையும் அதன்மேல்தான் விழும்.

பள்ளிக்கும் மருத்துவருக்கும் கட்டுபவர் கொடுக்கும் பணம் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவு ஒப்பந்தத்தில் வரும். 100 வீட்டுக்கு ஏறக்குறைய 25 தொடக்கப் பள்ளிக் குழந்தைகள் என்று கவுண்டி கணக்குப் போடும். ஒப்பந்தத்தில் பணம் எப்போது வரும் என்ற வரியைப் பாருங்கள். முதல் வீடு குடியேறும் முன்பா, பாதி வீடுகள் விற்ற பிறகா? குறிப்பிட்ட வருடத்துக்குள் செலவாகாத பணம் கட்டுபவருக்கே திரும்பும் என்ற வரியும் இருக்கும். மருத்துவருக்கு என்று வந்த பணம் கட்டடத்துக்குத்தான். டாக்டரையும் நர்ஸையும் அதைக் கொண்டு அமர்த்த முடியாது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

வீடே கட்டக் கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. இந்த ஊரில் பிறந்த பிள்ளைகள் இங்கே வாடகைக்குக்கூட இருக்க முடியாத நிலை, எந்தக் கட்டடம் போனாலும் வராத இழப்பு. லாவென்ஹாமில் ஊர்க்காரர்கள் கம்யூனிட்டி லேண்ட் டிரஸ்ட் என்ற ஊர் நில அறக்கட்டளை அமைத்து, வீட்டு வசதிச் சங்கம் ஒன்றோடு சேர்ந்து உள்ளூர்த் தொடர்பு உள்ளவர்களுக்கு வீடு கட்டினார்கள். நான் பார்த்த வழிகளில் இதுவே சிறந்தது. பெரிய விண்ணப்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்த விலை வீடு என்று தொடங்கி, ‘கட்டுபடியாகவில்லை’ என்று ஒரு கணக்கறிக்கை கொடுத்துப் பின்னால் குறைப்பதும் நடக்கும். திருத்த விண்ணப்பம் வரும்போது ஊர் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது.

அனுமதி கிடைத்துவிட்டால் ஊர் சோர்ந்துபோகும். அப்போதுதான் கட்டுமான நிர்வாகத் திட்டம் வரும்: லாரி எந்த வழியாக வரும், எத்தனை மணிக்கு, சக்கரத்தை எங்கே கழுவும். குறுகிய தெருவில் முன்தள்ளிய மாடி உள்ள வீடுகள் இருந்தால், லாரி அந்தப் பக்கமே வரக் கூடாது என்று வரைபடத்தோடு கேளுங்கள். உத்தரத்தில் ஒருமுறை இடித்துவிட்டால் ஐநூறு வருட மரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது.

புதிய காலனியில் வாங்கினால்

சாலையைக் கவுண்டி ஏற்கப்போகிறதா, சாக்கடையைத் தண்ணீர் கம்பெனி ஏற்கப்போகிறதா என்று வக்கீலிடம் எழுத்தில் கேளுங்கள். முதலாவதுக்கு நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவு ஒப்பந்தம், இரண்டாவதுக்கு நீர்த்தொழில் சட்டத்தின் 104ஆம் பிரிவு ஒப்பந்தம். இரண்டும் இல்லாவிட்டால் விளக்கு, புல்வெளி, குளம் எல்லாவற்றுக்கும் நிர்வாகக் கம்பெனிக்கு வருடா வருடம் பணம் கட்டுவீர்கள், கவுன்சில் வரியும் முழுசாகக் கட்டுவீர்கள். அந்தத் தொகை உயர வரம்பு இருக்கிறதா என்பது பத்திரத்தில் ஒரே ஒரு வரியாக இருக்கும்.

பழைய வீட்டில் வாங்கினால்

வீட்டை முழு விவரமாக ஆராயும் லெவல் 3 சர்வே எடுங்கள், அதுவும் மரச்சட்ட வீடு தெரிந்தவரிடம். வீட்டின் அடியில் படுத்திருக்கும் ஓக் கட்டைதான் உயிர்நாடி. முழு வீடும் அதன்மேல் நிற்கிறது. பல நூற்றாண்டாகத் தெரு மேல் தெரு போட்டு வெளித்தரை உயர்ந்துவிட்டதால், பல வீடுகளில் அந்தக் கட்டை தரைமட்டத்துக்கே இறங்கிவிட்டது. வெளித்தரை அதற்குக் குறைந்தது 150 மில்லிமீட்டர் கீழே இருக்க வேண்டும். முடியாத இடத்தில் சரளை வடிகால் போட வேண்டும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டி நின்றால் மக்கல் தொடங்கும், ஓக்கைத் துளைக்கும் டெத்வாட்ச் வண்டும் வரும்.

இதற்கு முக்கியக் காரணம் சிமென்ட். மரச்சட்டம் பருவத்துக்குப் பருவம் அசையும், சிமென்ட் அசையாது. மயிரிழை விரிசலில் மழை உள்ளே போகும், வெளியே வர வழி இல்லை. மேலே பூச்சு கல் மாதிரி நிற்கும், உள்ளே கட்டை புகையிலைத் தூளாகியிருக்கும். தட்டிப் பாருங்கள், வெற்று ஒலி வந்தால் சந்தேகப்படுங்கள். ஈரத்துக்கு சுவரில் ரசாயனம் ஏற்றலாம் என்று ஒருவர் வந்தால் அனுப்பிவிடுங்கள். மரச்சட்டச் சுவருக்கு அது எந்த நன்மையும் செய்யாது.

பூச்சு சுண்ணாம்புச் சாந்தாகவே இருக்க வேண்டும். ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சொரசொரப்பான மணல் மூன்று பங்கு, முதல் இரண்டு பூச்சுக்கு விலங்கு ரோமம். பூச்சுக்குச் சுமார் 10 மில்லிமீட்டர் கனம். அதற்கு மேல் ஒரே தடவையில் அப்பினால் வெடிக்கும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டுப் பல நாள் மெல்லக் காயவிட வேண்டும். வெப்பம் 5 டிகிரிக்குக் கீழே போகும் நாளில் தொடக் கூடாது. உறைபனி பட்டால் உதிர்ந்துவிடும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைதான் வேலைக்காலம். அதன் மேல் சுண்ணாம்பு வெள்ளை பால் போல் நீர்க்க ஐந்து பூச்சு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் இடைவெளி. பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இத்தனையும் வீண். மரத்துக்குக் கறுப்புச் சாயம் அடிக்கும் பழக்கம் பிற்காலத்து மோகம். சஃபோக்கில் ஓக் வெள்ளிச் சாம்பல் நிறத்தில் விடப்படும், அல்லது சுவரோடு சேர்த்து வெள்ளையடிக்கப்படும்.

பட்டியலிட்ட கட்டடத்தில் அனுமதியின்றி மாற்றம் செய்வது கிரிமினல் குற்றம். இருந்ததை இருந்தபடி பழுதுபார்க்க வழக்கமாக அனுமதி வேண்டியதில்லை. சிமென்ட்டை எடுத்துச் சுண்ணாம்பு பூசுவது நல்ல மாற்றம்தான், ஆனாலும் மாற்றம். கவுன்சிலின் பாரம்பரிய அதிகாரியிடம் முன்பே எழுத்தில் கேளுங்கள். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை. முந்தைய உரிமையாளர் செய்த தவறைச் சரிசெய்யச் சொல்லும் நோட்டீஸ் உங்கள் பெயருக்கே வரும், இதற்குக் காலக்கெடுவே கிடையாது. வாங்கும் முன் பாதுகாப்புப் பட்டியல் விவரத்தையும் வீட்டையும் பக்கத்தில் வைத்து ஜன்னல் ஜன்னலாக ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் ஜன்னல் தெரிந்தால் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். பழைய தோற்றத்துக்காக மொத்தமாகக் காக்கப்படும் பாதுகாப்புப் பகுதியில் 1.5 மீட்டர் உயரத்தில் 75 மில்லிமீட்டருக்கு மேல் பருத்த மரத்தை வெட்டவும் ஆறு வாரம் முன்னறிவிப்பு வேண்டும்.

கடைசியாக, கடையும் மதுக்கடையும் தபால் நிலையமும். லாவென்ஹாமுக்குப் பயணி ரயில் 1961இலேயே நின்றுவிட்டது. பக்கத்து நகரங்களான சட்பரிக்கும் பரி செயின்ட் எட்மண்ட்ஸுக்கும் பஸ்தான். கார் இல்லாத முதியவருக்குத் தெருமுனைக் கடை மூடினால் அரை நாள் போய்விடும். 2011ஆம் ஆண்டுச் சட்டப்படி பாரிஷ் கவுன்சிலோ, உள்ளூர் வாக்காளர் 21 பேர் சேர்ந்த குழுவோ அந்தக் கட்டடத்தைச் சமூக மதிப்புள்ள சொத்தாகப் பதியக் கேட்கலாம். எட்டு வாரத்தில் பதில், பதிவு ஐந்து வருடம் நிற்கும். உரிமையாளர் விற்க நினைத்தால், ‘நாங்கள் வாங்கப் பார்க்கிறோம்’ என்று ஆறு வாரத்துக்குள் ஊர் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் ஆறு மாத அவகாசம் கிடைக்கும், பங்கு விற்றுப் பணம் திரட்ட அதுவே போதாது. ஊருக்குத்தான் விற்க வேண்டும் என்ற கட்டாயமும் உரிமையாளருக்கு இல்லை. அதனால் விலை மதிப்பீட்டையும் பங்கு விண்ணப்பப் படிவத்தையும் கடை நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் போதே தயாராக வையுங்கள். விற்பனைப் பலகை நட்ட பிறகு பதியப் போனால், எட்டு வாரம் முடிவதற்குள் பத்திரம் முடிந்துவிடும்.